பெயரைத் திருடியவரும் பறவை மனிதரும்: கரீபியன் தீவுகளின் ஒரு பறவைக் கதை

இந்த எபிசோடில் ஜேம்ஸ் பாண்ட் வர்றார். துப்பாக்கியும் உண்டு, தீவும் உண்டு, படகும் உண்டு. ஆனா கார் துரத்தல் கிடையாது. ஏன்னா நான் சொல்லப்போற ஜேம்ஸ் பாண்ட் 1900-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த ஒரு பறவை ஆய்வாளர். அவருடைய பெயரைத்தான் 007-க்கு வைத்தார்கள். தற்செயலாக ஒத்துப்போன பெயர் இல்லை. புத்தக அட்டையைப் பார்த்து நேராக எடுத்துக்கொண்டார் ஒரு எழுத்தாளர்.

1952-ன் தொடக்கம். ஜமைக்காவின் வடக்குக் கடற்கரையில் ஒராகபெஸா என்ற ஊர். அங்கே கோல்டன்ஐ என்ற பெயரில் ஒரு வீடு கட்டி, குளிர்காலம் வந்தால் லண்டனிலிருந்து ஓடிவந்துவிடுவார் இயன் ஃபிளெமிங். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறையில் வேலை பார்த்தவர். அந்த வருஷம்தான் முதல் நாவலான 'கேசினோ ராயல்' எழுத உட்கார்ந்தார். ஹீரோவுக்கு ஒரு பெயர் வேணும். பந்தாவே இல்லாத, சப்பென்ற ஒரு பெயர். ஃபிளெமிங்குக்குப் பறவை பார்க்கும் பழக்கம் இருந்தது. அதனால வீட்டில் ஒரு பறவைப் புத்தகம் இருந்தது. 'மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகள்', ஆசிரியர் ஜேம்ஸ் பாண்ட். பெயர் கிடைத்துவிட்டது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இந்தத் துணுக்கை நீங்க ஏற்கெனவே ரீல்ஸில் பார்த்திருக்கலாம். பெரும்பாலும் இதோடு முடிஞ்சிடும். எனக்கு என்னவோ அந்தப் புத்தகம்தான் சுவாரசியமான விஷயமா தெரியுது. அது ஏன் அந்த மேஜையில் இருந்தது? ஒரு தீவில் ஒரு பறவையைப் பார்த்து "இது இன்னது" என்று சொல்வதற்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கு? அந்தக் கதைக்கு நூறு வருஷம் பின்னால் போகணும்.

1844 கடைசியில் பிலிப் ஹென்றி கோஸ் என்ற ஆங்கிலேயர் ஜமைக்காவில் வந்து இறங்கினார். மீன் தொட்டிக்கு 'அக்வேரியம்' என்ற சொல்லைப் பிரபலமாக்கினாரே, அவரேதான். ஆனா அது பிறகு நடந்தது. ஜமைக்காவின் தென்மேற்கில் புளூஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் சுமார் ஒன்றரை வருஷம் தங்கி, பறவைகளைச் சேகரித்தார். சேகரிப்பது என்றால் அந்தக் காலத்தில் சுடுவது. சுட்டு, தோலை உரித்து, உள்ளே பஞ்சு அடைத்து, காலில் ஒரு சீட்டு கட்டுவார்கள். எங்கே, எப்போது, ஆணா பெண்ணா. பைனாகுலர் எல்லாம் பரவலாக வராத காலம். கையில் பறவை இல்லாமல் "பார்த்தேன்" என்று சொன்னால் எந்த மியூசியமும் நம்பாது.

அந்தக் காலில் கட்டின சீட்டு இருக்கே, நம்ம பாஷையில் சொன்னா அதுதான் மெட்டாடேட்டா. அது தப்பானா மொத்தமும் தப்பு. ஒரு உதாரணம் சொல்றேன். டோடி என்று ஒரு குட்டிப் பறவைக் குடும்பம் இருக்கு. முதுகு பச்சை, தொண்டை சிவப்பு, உள்ளங்கையில் அடங்கும் அளவு, மீன்கொத்திக்குத் தூரத்துச் சொந்தம். மண்கரையில் வளை தோண்டி முட்டையிடும். உலகத்தில் மொத்தம் 5 வகை. கியூபாவில் ஒன்று, ஜமைக்காவில் ஒன்று, போர்ட்டோ ரிக்கோவில் ஒன்று, ஹிஸ்பானியோலா தீவில் மட்டும் இரண்டு. வேறு எங்கேயும் கிடையாது. இதில் போர்ட்டோ ரிக்கோ டோடியின் அறிவியல் பெயர் டோடஸ் மெக்சிகேனஸ். மெக்சிகோ டோடி! மெக்சிகோவில் ஒரு டோடி கூட இல்லை. 1838-ல் பெயர் வைத்தவருக்கு வந்த ஸ்பெசிமனின் ஊர்த் தகவல் குழம்பிப்போனது, அவ்வளவுதான். அறிவியல் பெயர் விதிப்படி முதலில் வைத்த பெயருக்குத்தான் முன்னுரிமை. அதனால இன்னைக்கு வரைக்கும் அந்த பக் புரொடக்‌ஷனில் ஓடிக்கிட்டிருக்கு.

சரி, கோஸுக்கு வருவோம். ஊருக்குப் புதுசா வந்த ஒரு வெள்ளைக்காரருக்கு எந்தப் பறவை எந்த மரத்தில் தூங்கும், எது எப்போ கூடு கட்டும் என்று எப்படித் தெரியும்? இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் சாமுவேல் கேம்ப்பெல். பதினெட்டு வயது சுமார் உள்ள ஜமைக்காவின் கறுப்பின இளைஞர். கோஸிடம் வேலைக்குச் சேர்ந்தவர். கோஸின் சேகரிப்பில் பெரும் பங்கு அவர் கொண்டுவந்தது. இதை நினைச்சுப் பாருங்க: ஜமைக்காவில் அடிமைமுறை சட்டப்படி 1834-ல் ஒழிந்தது, உண்மையான விடுதலை வந்தது 1838-ல். அதற்கு ஆறேழு வருஷம் கழித்துத்தான் இந்தப் பையன் காட்டுக்குள் பறவை தேடிப் போகிறான்.

இன்னொருவர் ரிச்சர்ட் ஹில். கலப்பினத்தவர். அடிமைமுறைக்கு எதிராகவும், கறுப்பின, கலப்பின மக்களின் உரிமைக்காகவும் நின்றவர். விடுதலைக்குப் பிறகு, பழைய எஜமானர்களுக்கும் பழைய அடிமைகளுக்கும் இடையே வழக்குத் தீர்க்கும் மாஜிஸ்திரேட்டாக வேலை பார்த்தார். மிச்ச நேரத்தில் பறவைகள். டார்வினுக்கே தகவல் அனுப்பியவர். 1847-ல் வெளியான 'ஜமைக்காவின் பறவைகள்' புத்தகத்தின் முதல் பக்கத்தில், கோஸின் பெயருக்குக் கீழே 'உதவி: ரிச்சர்ட் ஹில்' என்று அச்சாகியிருக்கு. 1847-ல் அது சின்ன விஷயம் இல்லை. கேம்ப்பெல் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை, உள்ளேதான் வருகிறார். கோஸ் அவரை மறைக்கவில்லை, மெச்சித்தான் எழுதுகிறார். ஆனா ஓபன் சோர்ஸில் வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், கமிட் ஹிஸ்டரியில் பேர் இருப்பதும் ரீட்மீயில் முதல் வரியில் பேர் இருப்பதும் ஒன்று இல்லை.

இதற்கெல்லாம் முன்னாடியே அந்தத் தீவுக்காரர்கள் பறவைகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள் என்பதை மறந்துடக்கூடாது. ஜமைக்காவில் ஆந்தைக்கு 'பாட்டூ' என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் ட்வீ மொழியில் ஆந்தைக்கு உள்ள சொல்தான் அது. கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு வந்தவர்களோடு கடல் தாண்டி வந்த சொல். பிணந்தின்னிக் கழுகு மாதிரி ஒன்று உண்டு, அதற்கு 'ஜான் க்ரோ'. கறுப்பா பளபளன்னு இருக்கும் கிராக்கிள் பறவைக்கு 'க்ளிங் க்ளிங்'. அது கத்துவதே அப்படித்தான். நாம காக்காவுக்கு வைத்ததும் அதே லாஜிக். இரண்டு வகைக் குயில்களை 'மழைப்பறவை' என்பார்கள். ஜமைக்காவின் தேசியப் பறவையான நீளவால் ஹம்மிங்பேர்டுக்கு 'டாக்டர் பேர்ட்'. அதன் இரண்டு நீளமான வால் இறகுகளைப் பார்த்தால், அந்தக் காலத்து டாக்டர்கள் போட்ட வால் வைத்த கறுப்புக் கோட்டு ஞாபகம் வருமாம். பறக்கும்போது அதன் இறக்கை இறகுகள் விர்ரென்று ஒரு சத்தம் கொடுக்கும். ஃபிளெமிங்குக்கும் இந்தப் பறவை மேல் கண். 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' கதை ஆரம்பிப்பதே இதில்தான்.

இப்போ கதைக்குள் ஒரு வில்லன் வர்றார். நம்ம ஊர்க்காரர்.

ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் எலித் தொல்லை. 1872-ல் எஸ்புயூட் என்ற தோட்ட முதலாளி கல்கத்தாவிலிருந்து 9 கீரிப்பிள்ளைகளை வரவழைத்துத் தன் தோட்டத்தில் விட்டார். 1845-லிருந்தே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றி ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து, சில கப்பல்கள் மதராசிலிருந்தும். கரும்பு வெட்ட ஆளும் இங்கேயிருந்து, எலி பிடிக்க கீரியும் இங்கேயிருந்து. முதலில் எல்லாருக்கும் சந்தோஷம், எலி குறைஞ்சுது. கீரிகளைப் பிடித்து மற்ற தீவுகளுக்கும் கொண்டுபோனார்கள். 1877-ல் போர்ட்டோ ரிக்கோ. ஆனா கீரி பகலில் வேட்டையாடும், எலி ராத்திரியில் நடமாடும், தவிர மரத்திலும் ஏறிக்கும். பகலில் தரையில் ஈஸியா கிடைப்பது என்ன? பல்லி, பாம்பு, அப்புறம் தரையில் முட்டையிடும் பறவைகள். பாலூட்டி வேட்டை விலங்குகளே கிட்டத்தட்ட இல்லாமல் பல லட்சம் வருஷம் வாழ்ந்த பறவைகளுக்குப் பயப்படத் தெரியாது. ஜமைக்கா பெட்ரல் என்ற கடல் பறவை மலையில் வளை தோண்டி முட்டையிடும். அதன் கடைசி ஸ்பெசிமன் 1879-ல் எடுத்தது. எல்லாப் பழியையும் கீரி தலையில் போடுவதும் நியாயம் இல்லை. எலி, பூனை, காடழிப்பு எல்லாம் சேர்ந்ததுதான். கியூபாவின் சிவப்பு மக்காவ் கிளி 19-ஆம் நூற்றாண்டிலேயே போயிடுச்சு. அதைச் சுட்டதும் மனுஷன், வளர்க்கப் பிடித்ததும் மனுஷன்.

ஆக, 1920-களில் நம்ம ஜேம்ஸ் பாண்ட் வரும்போது நிலைமை இதுதான். பறவைகள் குறைஞ்சுக்கிட்டே வருது. எந்தத் தீவில் எது இருக்கு என்ற தகவல் நூறு இடத்தில் சிதறிக் கிடக்கு. சார்லஸ் கோரி என்பவர் 1889-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போட்டிருந்தார். அதன் பிறகு எவ்வளவோ நடந்தாச்சு.

பாண்டின் பயோடேட்டாவைப் பார்த்தா அவர் பறவை ஆய்வாளர் ஆக வேண்டிய ஆளே இல்லை. பணக்காரக் குடும்பம். இங்கிலாந்தில் ஹாரோ பள்ளி, அப்புறம் கேம்பிரிட்ஜ். திரும்பி வந்து ஃபிலடெல்ஃபியாவில் பேங்க் வேலை. சுமார் மூணு வருஷம் தாங்கினார். 1925-ல் வேலையை விட்டுட்டு, ஒரு நண்பரோடு அமேசானுக்குப் பறவை சேகரிக்கக் கிளம்பிட்டார். (ஐடியில் மூணு வருஷம் முடிச்சவங்க இந்த இடத்தில் பெருமூச்சு விடலாம்.) திரும்பி வந்து ஃபிலடெல்ஃபியாவின் இயற்கை அறிவியல் அகாதெமியில் சேர்ந்தார். ஆயுசு முழுக்க அங்கேதான்.

கரீபியனில் அவர் தீவு தீவாகச் சுற்றினது கப்பலில்தான். தபால் படகு, சரக்குப் படகு, எது கிடைக்குதோ அதில். இதில் கொடுமை, அவருக்குக் கடல் பயணம் ஒத்துக்காது, வாந்தி எடுப்பார். அந்த வயிற்றோடு பல வருஷம் கியூபா, ஹைட்டி, டொமினிக்கா, செயின்ட் லூசியா, கிரெனடா என்று அலைந்தார். அவரும் சுட்டவர்தான், அகாதெமிக்கு நூற்றுக்கணக்கில் ஸ்பெசிமன் கொண்டுவந்தவர்தான். இதை அழகுபடுத்திச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தலைமுறையின் முறை அது.

1936-ல் புத்தகம் வந்தது. 460 பக்கம், ஏர்ல் பூல் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்கள். அதற்கு இரண்டே வருஷம் முன்னாடி, 1934-ல் அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் ஒரு புத்தகம் போட்டிருந்தார். பறவையைச் சுடாமல் தூரத்திலிருந்தே, இறக்கையில் உள்ள பட்டையையோ வால் நுனியையோ பார்த்து அடையாளம் காணலாம் என்று படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியது அது. முதல் பதிப்பு 2,000 பிரதி, உடனே தீர்ந்துபோனது. காலம் மாறிக்கொண்டிருந்தது. பாண்டின் புத்தகமும் 1947-ல் சுருங்கி, கையோடு எடுத்துப்போகும் வழிகாட்டியாக மாறியது. அதன் பெரிய பலம், ஒவ்வொரு பறவைக்கும் அந்தந்தத் தீவில் மக்கள் என்ன சொல்வார்கள் என்ற பெயர்களையும் சேர்த்துக் கொடுத்தது. பாட்டூவும் டாக்டர் பேர்டும் அதில் உண்டு. கியூபாவுக்குப் போனால் டோடிக்கு 'கார்த்தகூபா', கியூபாவின் தேசியப் பறவையான ட்ரோகனுக்கு 'தொகொரோரோ'. ஊர்க்காரர் ஒருவரிடம் லத்தீன் பெயரைச் சொன்னால் அவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். 'தொகொரோரோ' என்று சொன்னால் எந்த மரம் என்று காட்டுவார். பயனர் எப்படித் தேடுவாரோ அப்படி இண்டெக்ஸ் போட்ட புத்தகம் அது. அந்த ஒரு முடிவுக்காகவே எனக்குப் பாண்டைப் பிடிக்கும்.

தீவில் பறவை பார்ப்பது பெருநிலத்தில் பார்ப்பது மாதிரி இல்லை. வகைகள் குறைவு, அது ஒரு வசதி. ஜமைக்காவில் டோடி பார்த்தா அது ஜமைக்கா டோடிதான், யோசிக்கவே வேண்டாம். நீங்க நிற்கிற தீவே பாதி விடை. சிக்கல் எங்கே வரும்னா, ஒரே தீவுக்குள் இரண்டாகப் பிரியும்போது. ஹிஸ்பானியோலாவின் இரண்டு டோடிகளில் ஒன்று பெரும்பாலும் தாழ்வான இடத்தில், இன்னொன்று மலையில். அலகின் அகலமும் குரலும்தான் வித்தியாசம். ஜமைக்காவின் டாக்டர் பேர்டுக்குத் தீவின் பெரும்பகுதியில் சிவப்பு அலகு, கிழக்கு ஓரத்தில் மட்டும் கறுப்பு அலகு. இது ஒரே இனமா, இரண்டு இனமா என்று இன்னும் சண்டை நடக்குது.

இப்படிக் கூர்ந்து கூர்ந்து பட்டியல் போட்டதில் பாண்டுக்கு ஒரு பெரிய விஷயம் கண்ணில் பட்டது. இந்தத் தீவுகளின் பறவைகள் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்றுதான் அதுவரை பொதுவாக நினைத்தார்கள். மேப்பைப் பார்த்தால் அப்படித்தான் தோணும். கிரெனடாவிலிருந்து டொபேகோ நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், அதைத் தாண்டினால் வெனிசுவேலா. ஆனா பாண்ட் இல்லாத பறவைகளைக் கவனித்தார். டிரினிடாட்டில் டூக்கன் இருக்கு. டொபேகோவில் மாட்மாட் இருக்கு, ஜகமார் இருக்கு, மனக்கின் இருக்கு. எல்லாம் தென் அமெரிக்கச் சரக்கு. கிரெனடாவில் இதில் ஒன்று கூட இல்லை. கிரெனடாவிலிருந்து கியூபா வரை எங்கேயும் இல்லை. டிரினிடாட்டும் டொபேகோவும் கண்டத்தின் உடைந்த துண்டுகள் மாதிரி. மற்ற தீவுகளின் பறவைகளில் பெரும்பாலானவற்றின் மூதாதையர் வடக்கு, மத்திய அமெரிக்கப் பக்கமிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் என்று 1934-ல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். டோடியின் தொல்படிவ உறவினர்கள் பிற்பாடு கிடைத்தது எங்கேன்னு நினைக்கிறீங்க? அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில். இன்னைக்கு டிஎன்ஏ ஆய்வுகள் படத்தைக் கொஞ்சம் சிக்கலாக்கியிருக்கு, தெற்கிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. ஆனா டொபேகோவுக்கும் கிரெனடாவுக்கும் நடுவே பறவை உலகில் ஒரு எல்லைக்கோடு ஓடுவது நிஜம். 1973-ல் டேவிட் லாக், கலபகோஸ் குருவிகளைப் பற்றி எழுதினாரே அதே லாக், அந்தக் கோட்டுக்கு 'பாண்ட் கோடு' என்று பெயர் வைக்கலாம் என்றார். இதனால்தான் பாண்டின் புத்தகத்தில் டிரினிடாட், டொபேகோ பறவைகளே கிடையாது.

இதற்கிடையில் 007 உலகப் புகழ். ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் பாண்டுக்கு 1960 வாக்கில்தான் விஷயமே தெரிய வருது. ராத்திரி போன் அடித்து "ஜேம்ஸ் இருக்காரா" என்று பெண்கள் கேட்பார்களாம். அவர் மனைவி மேரி 1961-ல் ஃபிளெமிங்குக்கு ஒரு கடிதம் போட்டார். சண்டைக் கடிதம் இல்லை, கிண்டல் கலந்த கடிதம். ஃபிளெமிங் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டு, பதிலுக்குப் பதிலாக என் பெயரை நீங்க எப்படி வேணும்னாலும் பயன்படுத்திக்கலாம், உங்க கணவர் என்றைக்காவது படு கோரமான ஒரு புதுப் பறவையைக் கண்டுபிடித்தால் அதற்கு என் பெயரை வைக்கட்டும் என்கிற மாதிரி எழுதினார். 1964 பிப்ரவரி 5 அன்று பாண்டும் மேரியும் சொல்லாமல் கொள்ளாமல் கோல்டன்ஐ வாசலில் போய் நின்றார்கள். அன்றைக்குப் பார்த்து கனடா தொலைக்காட்சிக்காரர்கள் ஃபிளெமிங்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர் அசல்தானா என்று ஃபிளெமிங்குக்குச் சந்தேகம் வந்து, வெளியே பறந்த பறவைகளைக் காட்டி "இது என்ன" என்று கேட்டுப் பார்த்ததாக ஒரு கதை உண்டு. உளவுத்துறை புத்தி! மத்தியானச் சாப்பாடு முடிந்து, தன் புது நாவல் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' பிரதியில், அடையாளத்தைத் திருடியவன் உண்மையான ஜேம்ஸ் பாண்டுக்குக் கொடுப்பது என்ற பொருளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதே ஆகஸ்டில் ஃபிளெமிங் இறந்துவிட்டார். 2008-ல் அந்தப் பிரதி 80,000 டாலருக்கு மேல் ஏலம் போனது. 2002-ல் வந்த 'டை அனதர் டே' படத்தில் பியர்ஸ் பிராஸ்னன் ஹவானாவில் ஒரு பறவைப் புத்தகத்தைக் கையில் எடுத்து, தன்னைப் பறவை ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்வார். அது இந்தப் புத்தகம்தான்.

ஆனா பாருங்க, ஜாலியான இந்தப் பகுதியை விட எனக்கு முக்கியமா படுவது வேறு. அந்தப் புத்தகத்தில் இருந்த ஓட்டைகள். ஒரு நல்ல பட்டியல் வந்துவிட்டால் எல்லாரும் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். பட்டியலில் இல்லாததைக் கண் பார்த்தாலும் மூளை தள்ளிவிடும். அல்லது "அழிந்துவிட்டது" என்று போட்டிருந்தால் தேடவே மாட்டார்கள்.

போர்ட்டோ ரிக்கோவில் ஒரு பக்கி. ராத்திரியில் பூச்சி பிடிக்கும், பகலில் சருகு நிறத்தில் தரையோடு தரையாகப் படுத்திருக்கும், முட்டையும் சருகு மேல்தான். 1888-ல் ஒரே ஒரு ஸ்பெசிமன் கிடைத்தது. பிறகு அலெக்சாண்டர் வெட்மோர் ஒரு குகையில் கிடைத்த எலும்புகளை வைத்து, இது தனி இனம் என்று 1919-ல் அறிவித்தார். அறிவிக்கும்போதே ஆள் இல்லை, கீரி முடித்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1961-ல் ஜார்ஜ் ரெய்னார்ட் என்பவர் தீவின் தெற்கே குவானிகா என்ற வறண்ட காட்டில் பறவைக் குரல்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார். ராத்திரியில் 'விப், விப், விப்' என்று ஒரு குரல். அவருக்குத் தெரிந்த எந்தப் பக்கியின் குரலும் அது இல்லை. எழுபது வருஷத்துக்கு மேல் காணாமல் போன பறவை அங்கேயே உட்கார்ந்து கத்திக்கிட்டிருந்திருக்கு. நிரந்தர நீரோடை இல்லாத காய்ந்த காடு, அதனால் கீரி குறைவு. தப்பித்ததற்கு அதுதான் காரணம் என்கிறார்கள். தேடினவர்கள் கண்ணால் தேடினார்கள். அது கண்ணுக்குக் கிடைக்கிற பறவை இல்லை.

அதே தீவில் இன்னொன்று, இது இன்னும் சுவாரசியம். வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் ஒரு வார்ப்ளர் உண்டு. நம்ம கதிர்க்குருவி சைஸ்னு வைச்சுக்கங்க. கறுப்பும் வெள்ளையும் கோடு கோடாக இருக்கும். போர்ட்டோ ரிக்கோ மலைக்காட்டு உச்சியில் கறுப்பு வெள்ளையாக ஒன்று ஓடினால் "ஓ, அதுவா" என்று டிக் போட்டுவிட்டு நகர்வது சகஜம். 1968-ல் கேமரூன் கெப்ளர், ஏஞ்சலா கெப்ளர் தம்பதி எல் யுங்கே காட்டில், காற்று அடித்து அடித்துக் குட்டையாகிப்போன மரங்களுக்கு நடுவே, இது வேறு ஆள் என்று கவனித்தார்கள். 1972-ல் புதிய இனமாக அறிவித்தார்கள். ஏஞ்சலாவின் பெயரையே வைத்தார்கள், செட்டோஃபாகா ஏஞ்சலே. எல் யுங்கே ஒன்றும் எட்டாத காடு இல்லை. சான் ஹுவானிலிருந்து காரில் போய்விடலாம். அத்தனை வருஷம், அத்தனை பேர் கண்ணெதிரே, வேறு ஒரு பறவையின் பெயரில் அது வாழ்ந்திருக்கு.

2017 செப்டம்பரில் மரியா புயல் அந்தக் காட்டை மொட்டையடித்தது. எல் யுங்கேயில் காட்டில் வாழ்ந்த போர்ட்டோ ரிக்கோ கிளிகள் எல்லாமே போயின. ஏஞ்சலா வார்ப்ளருக்கு இப்போ முக்கியப் புகலிடம் தீவின் மேற்கே மரிக்காவோ காடு. 1968-ல் அந்த இரண்டு பேர் கவனிக்காமல் விட்டிருந்தால், இன்று எதைக் காப்பாற்ற வேண்டும் என்று கூட யாருக்கும் தெரிந்திருக்காது.

செயின்ட் லூசியாவில் கதை இப்படி முடியவில்லை. செம்பர் வார்ப்ளர் என்று ஒன்று, அந்தத் தீவில் மட்டும். கடைசி ஸ்பெசிமன் 1934. கடைசியாக உறுதியாகப் பார்த்தது 1961. தரைக்குப் பக்கத்தில் வாழும் பறவை, கீரி மேல் சந்தேகம். இன்றும் சிலர் அந்த மழைக்காட்டுக்குள் போய்த் தேடுகிறார்கள். குரலும் சரியாகத் தெரியாத பறவையைக் காதால் எப்படித் தேடுவது? மெர்லின் ஆப் திறந்து பிடித்தாலும் பயனில்லை. ஆப்பிடம் உள்ள குரல்களைத்தான் அது காட்டும்.

கடைசியா பார்புடா. ஆன்டிகுவாவோடு சேர்ந்த நாடு, சுமார் 160 சதுர கிலோமீட்டர், தட்டையான தீவு. பார்புடா வார்ப்ளர் என்ற சாம்பலும் மஞ்சளுமான குட்டிப் பறவைக்கு உலகத்தில் இருக்கும் ஒரே வீடு அது. மரியாவுக்கு இரண்டு வாரம் முன்னாடி, 2017 செப்டம்பர் 6-ல் இர்மா புயல் நேராக அந்தத் தீவின் மேல் ஏறிப்போனது. கட்டடங்களில் பெரும்பாலானவை சேதம். அடுத்த புயல் வருது என்று மொத்த ஜனத்தையும் ஆன்டிகுவாவுக்கு வெளியேற்றினார்கள். பல நூற்றாண்டில் முதல் முறையாகத் தீவில் மனிதர் யாரும் இல்லை. ஆடு, கழுதை, நாய்களோடு, இருந்தால் அந்த வார்ப்ளரும்.

அக்டோபரில் பேர்ட்ஸ்கரீபியன் அமைப்பைச் சேர்ந்த சிலரும் ஆன்டிகுவாவின் இயற்கை ஆர்வலர்களும் ஒரு குழுவாக உள்ளே போனார்கள். இலை உதிர்ந்து பழுப்பாகிக் கிடந்த புதர்க்காடு. நடந்து, நின்று, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி நடந்து. பதில் வந்தது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. குச்சி குச்சியாக நின்ற புதரில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. குறிப்பேட்டில் இடம், நேரம், எண்ணிக்கை எல்லாம் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம் மக்களே.